சூட்டுக்கு முந்தி மூச்சு

மார்கழி இரவில் கரண்ட் போய்விட்டால், மீன் தொட்டி வைத்திருக்கும் வீட்டில் கை முதலில் கம்பளியைத் தேடும். அடுத்து அடுப்பில் வெந்நீர் ஏறும். பெங்களூரின் ஜோகுபாளையம் போன்ற பகுதியில் இந்தப் பதற்றம் இயல்பானதுதான். அல்சூர் ஏரிக்குப் பக்கம், கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் இடம் அது. டிசம்பரிலும் ஜனவரியிலும் பெங்களூரின் இரவு வெப்பநிலை சராசரியாக 15, 16 டிகிரி செல்சியஸுக்கு இறங்குகிறது. தொட்டியில் நீந்தும் ஏஞ்சலுக்கும் டெட்ராவுக்கும் பூர்வீகம் அமேசான் ஆற்றுப் பகுதி. 24 முதல் 28 டிகிரி வரையிலான தண்ணீர் அவற்றுக்கு இதம். ஹீட்டரின் சிவப்பு விளக்கு அணைந்தவுடன் மீன் விறைத்துப் போகும் என்று நினைப்பதில் வியப்பில்லை. ஆனால் உட்கார்ந்து கணக்குப் போட்டால் வேறு விடை வருகிறது. பெங்களூர்க் குளிர் ஓர் இரவுக்குள் ஒரு நடுத்தரத் தொட்டியைக் கவிழ்ப்பது கடினம். அதற்கு வெகு முன்பே, ஏர் மோட்டார் நின்றுபோனதால் வரும் மூச்சுத் திணறல் மீனை முடித்துவிடும். ஆகவே மின்வெட்டில் முதல் கவனிப்பு காற்றுக்குத்தான். சூடு வரிசையில் அடுத்து நிற்கலாம்.

தண்ணீர் சூட்டை எளிதில் விட்டுக்கொடுக்காத பொருள். மூன்றடித் தொட்டி ஒன்றில் ஏறக்குறைய 100 லிட்டர் பிடிக்கும். அந்தத் தண்ணீர் ஒரே ஒரு டிகிரி குறைய வேண்டுமானால், 100 வாட் ஹீட்டர் ஒரு மணிக்கும் சற்று அதிகமான நேரம் எரிந்து தந்த சூடு முழுவதும் வெளியேற வேண்டும். வெளியே 16 டிகிரி என்றாலும், கதவு சன்னல் சாத்திய கான்கிரீட் வீட்டுக்குள் பெரும்பாலும் 20 டிகிரியாவது இருக்கும். தண்ணீர் 26, அறை 20 என்று வைத்துக்கொண்டால், கண்ணாடி வழியாகவும் மேற்பரப்பு வழியாகவும் போகும் சூடு கிட்டத்தட்ட 45 வாட். அதாவது முதல் மணி நேரத்தில் அரை டிகிரிகூடக் குறையாது. தண்ணீருக்கும் அறைக்கும் உள்ள இடைவெளி சுருங்கச் சுருங்க, ஆறும் வேகமும் தளரும். ஆறு மணி நேரம் கழித்து, எதுவுமே செய்யாமல் விட்ட தொட்டியில் 24 டிகிரி இருக்கும். மூடி போட்டு, மூன்று பக்கமும் தெர்மோகோல் அட்டை சாய்த்து வைத்திருந்தால் 25-க்கு அருகில் நிற்கும். ஓர் ஓடையில் நண்பகலுக்கும் விடியலுக்கும் இடையே இதைவிடப் பெரிய ஏற்ற இறக்கம் சாதாரணமாக நடக்கிறது. இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கலாம்: பராமரிப்புக்காக மின்விநியோக நிறுவனமான பெஸ்காம் முன்கூட்டியே அறிவிக்கும் மின்தடை பெரும்பாலும் காலை பத்து மணிக்குத் தொடங்கி மாலையில் முடிகிறது. குளிர்காலத்திலும் பெங்களூரின் பகல் 27 டிகிரியைத் தொடும். அந்த நேரத்தில் ஹீட்டருக்கு அநேகமாக வேலையே இல்லை.

காற்றின் கதை அப்படியல்ல. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் எப்போதுமே சொற்பம். கடற்கரை ஊரில், 26 டிகிரித் தண்ணீர் ஒரு லிட்டருக்கு அதிகபட்சம் 8 மில்லிகிராம் அளவுக்குத்தான் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். பெங்களூரின் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் அதிலும் பத்தில் ஒரு பங்கு கழிந்துவிடும்; சென்னைத் தொட்டியைவிடப் பெங்களூர்த் தொட்டியின் கையிருப்பு தொடக்கத்திலேயே கம்மி. ஏர் மோட்டாரும் ஃபில்டரும் மேற்பரப்பைக் கலக்கிக்கொண்டே இருப்பதால்தான், நெருக்கியடித்து வளர்க்கும் மீன்களுக்கு அது போதுமானதாகிறது. கலக்கல் நின்றால், கூட்டமான தொட்டியில் ஓரிரு மணி நேரத்திலேயே மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடத் தொடங்கும். செடி வைத்த தொட்டிக்கு இரவில் ஆபத்து கூடுதல். வெளிச்சம் இல்லாதபோது செடியும் ஆக்சிஜனைச் செலவழிக்கும் கூட்டாளிதான். மூச்சுமுட்டல் எவ்வளவு வேகமானது என்பதற்கு ஜோகுபாளையத்துக்காரர்கள் தொலைவில் சான்று தேட வேண்டாம். 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. கழிவுநீர் கலந்த தண்ணீரில், கோடைச் சூட்டில், ஆக்சிஜன் விழுந்ததே அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. நூறு ஏக்கருக்கும் மேற்பட்ட ஏரிக்கே அந்தக் கதி.

இதில் குளிர் நம் பக்கம் நிற்கிறது என்பதுதான் வேடிக்கை. தண்ணீர் 26-லிருந்து 22-க்கு இறங்கினால் அது பிடித்துவைக்கும் ஆக்சிஜன் கூடுகிறது. மீனின் உடல் இயக்கம் மந்தமாகி, அதன் தேவையும் குறைகிறது. மின்வெட்டு நேரத்தில் வெந்நீரால் தொட்டியைச் சூடேற்றுகிறவர், மூச்சுக்குத் திணறும் மீனின் தேவையைக் கூட்டி வரவைக் குறைக்கிறார். கம்பளியால் தொட்டியைத் தலையோடு மூடுகிறவரும் கிட்டத்தட்ட அதையே செய்கிறார். காற்று புக வழியிருக்காது. பக்கங்களைப் போர்த்தலாம், மேலே கையளவு இடைவெளி வேண்டும்.

காற்றுக்கு வழி செய்வது செலவு குறைந்த வேலையும்கூட. டார்ச் செல்லில் ஓடும் சின்ன ஏர் பம்ப் அலங்கார மீன் கடைகளில் கிடைக்கிறது. வீட்டில் இன்வர்ட்டர் இருந்தால் ஏர் மோட்டாரை மட்டும் அதில் கொடுத்தால் போதும். 4 வாட் மோட்டாரும் 100 வாட் ஹீட்டரும் ஒரே பேட்டரியில் போட்டியிட்டால், ஒரு ஹீட்டர் தின்னும் மின்சாரத்தில் இருபத்தைந்து மோட்டார்கள் ஓடும். எதுவுமே இல்லையென்றால் ஒரு குவளை போதும்: கால் மணிக்கு ஒருமுறை தண்ணீரை மொண்டு, டீ மாஸ்டர் ஆற்றுவதுபோல் உயரத்திலிருந்து சில நிமிடம் ஊற்றலாம். ஆற்றினால் தண்ணீரும் கொஞ்சம் ஆறத்தான் செய்யும். அந்த இழப்பு தாங்கக்கூடியது. தீனி மட்டும் போடக் கூடாது. செரிக்கவும் ஆக்சிஜன் வேண்டும், கழிவாக வரும் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் வேண்டும். ஒருநாள் பட்டினி மீனுக்கு ஒன்றுமில்லை.

"கரண்ட் வந்த மறுவாரமே வெள்ளைப் புள்ளி நோய் வந்ததே, அது குளிரால்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. குளிர்ச்சியில் மீனின் எதிர்ப்புச் சக்தி தளர்வது உண்மை. ஆனால் அந்த நோயைத் தருவது ஓர் ஒட்டுண்ணி. அது தொட்டியில் ஏற்கெனவே இல்லாமல் வெறும் குளிர் அதை உண்டாக்காது. மூச்சுமுட்டலும் அம்மோனியாவும் எதிர்ப்புச் சக்தியைக் குளிருக்குக் குறையாமல் குலைக்கும். குளிர் மட்டும் மீனைச் சாய்த்துவிடாது என்பதற்குச் சான்றும் உண்டு: கர்நாடகத்தில் கொசுப்புழுவைத் தின்பதற்காகக் கிணறுகளிலும் குட்டைகளிலும் கப்பி மீன்களை விட்டிருக்கிறார்கள். தென் அமெரிக்கக் கரையிலிருந்து வந்த அந்த மீன் ஹீட்டர் இல்லாமல் இங்கே குளிர்காலங்களைத் தாண்டிக் குட்டி போடுகிறது. தங்க மீனுக்கோ ஹீட்டரே வேண்டியதில்லை; அது குளிர்நீர் மீன்.

இந்த வாதம் செல்லாத இடங்களும் உண்டு. டிஸ்கஸ் 28 முதல் 30 டிகிரி கேட்கும் மீன். அதற்கு 23 என்பது உண்மையான துன்பம். ஃபைட்டர் மீன் இன்னொரு வகையில் விலக்கு: நம் ஊர்ப் பனையேறிக் கெண்டையின் உறவு அது, மேலே வந்து நேரடியாகக் காற்றைக் குடிக்கும். ஏர் மோட்டார் நின்றதை அது கண்டுகொள்ளாது. ஆனால் அதைப் பெரும்பாலும் வைப்பது ஐந்து லிட்டர் கிண்ணத்தில். கிண்ணம் சிறுத்தால் கொள்ளளவோடு ஒப்பிடும்போது மேற்பரப்பு பெருத்துவிடும், சூடு மளமளவென்று போய்விடும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஜனவரி இரவு பூஜ்ஜியத்தை நெருங்கும் வீடுகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. 2013 டிசம்பரில் பனிக்கட்டி மழையால் டொராண்டோவில் சுமார் 3 லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. சில வீடுகளுக்கு அது திரும்ப ஒரு வாரத்துக்கு மேலானது. அந்நகரின் ஸ்கார்பரோ பகுதியில் இருக்கும் தமிழ் வீட்டுத் தொட்டிக்கு அப்போது சூடும் மூச்சும் சமமான கவலைகள்.

அப்படிச் சூடேற்றத்தான் வேண்டும் என்றால், வெந்நீரைத் தொட்டியில் கொட்டுவது பெரிய தவறு. அது மேலேயே மிதக்கும். மூச்சுக்காக மேலே வந்த மீனைச் சுடும், அடியில் குளிர் அப்படியே இருக்கும். கேஸ் அடுப்பில் காய்ச்சிய தண்ணீரை மூடியுள்ள ஸ்டீல் பாட்டிலில் ஊற்றி மிதக்கவிடுவதே சரி. 60 டிகிரியில் ஒரு லிட்டர் பாட்டில், 100 லிட்டர்த் தொட்டியை மூன்றில் ஒரு டிகிரிக்குச் சற்று மேல் உயர்த்தும். பதற்றத்தில் இரண்டு மூன்று பாட்டில் போட்டாலும் கேடில்லை. இருபது லிட்டர்த் தொட்டியில் அதே பாட்டில் ஒன்றரை டிகிரிக்கு மேல் ஏற்றிவிடும் என்பதால் அங்கே அரை லிட்டரோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கரண்ட் திரும்பும் நேரத்துக்கும் சில வேலைகள் உண்டு; பலர் கோட்டைவிடுவது இங்கேதான். தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய ஃபில்டரில் தண்ணீர் தேங்கிய சில மணி நேரத்தில் பாக்டீரியா மூச்சுமுட்டிச் சாகத் தொடங்கும். அதை அப்படியே ஓடவிட்டால் உள்ளே அழுகிய நீர் முழுவதும் தொட்டிக்குள் பாயும். திறந்து, ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசிவிட்டு ஓடவிட வேண்டும். குளோரின் கலந்த காவிரிக் குழாய் நீரில் அலசினால் மிஞ்சிய பாக்டீரியாவும் போய்விடும். ஹீட்டரைப் போடுமுன் அது தண்ணீருக்குள் முழுதாக மூழ்கியிருக்கிறதா, தொட்டிக்கு ஏற்ற அளவுதானா என்று பார்ப்பது நல்லது. இருபது லிட்டர்த் தொட்டியில் 300 வாட் ஹீட்டர் மாட்டிவைத்தவர்கள் இருக்கிறார்கள். அதன் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டால் மணிக்குப் பத்து டிகிரிக்கு மேல் ஏறும். இரவு முழுவதும் குளிரைத் தாங்கிய மீன், காலையில் அந்த வெந்நீரைத் தாங்காது.