தந்தையின் கையெழுத்து

ஹங்கேரி நாட்டின் தலைநகர் புடாபெஸ்ட். 2000-ம் ஆண்டு ஜனவரி மாதம் 28-ந் தேதி.

கம்யூனிஸ்டு ஆட்சிக் காலத்தில் ரகசிய போலீசார் எழுதிக் குவித்த காகிதங்களைப் பாதுகாக்கும் அலுவலகம் அது. அங்கே ஓர் எழுத்தாளர் வந்தார். வயது 49. பெயர், பீட்டர் எஸ்தர்ஹாசி. ஹங்கேரியில் அவரை அறியாதவர் இல்லை.

தன்னையும் ரகசிய போலீசார் வேவு பார்த்தார்களா, தன்னைப் பற்றி ஏதாவது எழுதி வைத்திருக்கிறார்களா என்று தெரிந்து கொள்ள அவருக்கு ஆவல்.

அவர் முன்னால் நான்கு காகிதக் கட்டுகளை வைத்தார்கள். ஒன்றைத் திறந்தார். என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கும் முன்பே அவருக்குத் தூக்கி வாரிப் போட்டது.

அது அவருடைய தந்தையின் கையெழுத்து!

வேவு பார்க்கப்பட்டவரைப் பற்றிய கட்டு அல்ல அது. வேவு பார்த்தவரே தன் கையால் எழுதிக் கொடுத்த கட்டு.

பிரபு குடும்பம்

எஸ்தர்ஹாசி குலம் ஹங்கேரியில் பெயர் பெற்ற குலம். பல தலைமுறைகளாக பெரிய நிலப்பிரபுக்கள். அரண்மனைகள் உண்டு. சொந்தமாக வாத்தியக் குழுவே உண்டு! உலகம் போற்றும் சங்கீத மேதை ஹைடன், 1761-ம் ஆண்டு முதல் இந்தக் குலத்தின் ஒரு கிளையிடம் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்தான்.

பீட்டரின் தாத்தா மோரிஸ் 1917-ம் ஆண்டில் நாட்டின் பிரதம மந்திரி. இரண்டு மாதமே பதவியில் இருந்தார் என்றாலும் பிரதம மந்திரி, பிரதம மந்திரிதானே!

அவருடைய மகன் மாத்யாஸ் 1919-ல் பிறந்தார். இந்தக் கதையின் தந்தை இவர்தான்.

மாத்யாஸ் வளர்ந்து ஆளானபோது காலம் தலைகீழாகப் புரண்டது. 1944-ல் ஹிட்லரின் படை ஹங்கேரிக்குள் புகுந்தது. தாத்தா மோரிசைப் பிடித்து மவுதாசன் கொடுஞ்சிறைக்கு அனுப்பினார்கள். எப்படியோ உயிர் பிழைத்து வந்தார். 1945-ல் ருஷியப் படை வந்தது. பிரபுக்களின் நிலம் பறிமுதல் செய்யப்பட்டு குடியானவர்களுக்குப் பங்கிடப்பட்டது. 1947-ல் பிரபு பட்டங்களும் சட்டம் போட்டு ஒழிக்கப்பட்டன.

நிலம் உழுதவனுக்குப் போனதில் நியாயம் உண்டு. ஆனால் அதோடு நிற்கவில்லை. 1951-ல் புதிய ஆட்சி, பழைய செல்வந்தர்கள், பழைய அதிகாரிகள் என்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை தலைநகரில் இருந்து வெளியேற்றியது. மூட்டை கட்ட ஒரு நாள்தான் அவகாசம். எஸ்தர்ஹாசி குடும்பம் ஹோர்ட் என்ற கிராமத்துக்குத் துரத்தப்பட்டது. அப்போது பீட்டர் ஒரு வயதுக் குழந்தை.

பிரதம மந்திரியின் மகன் முலாம்பழத் தோட்டத்தில் கூலி வேலை செய்தார். வீடுகளுக்குத் தரைப்பலகை பதிக்கும் வேலையும் செய்தார். பல மொழிகள் தெரிந்தவர் ஆகையால் பிற்காலத்தில் மொழிபெயர்ப்பு வேலை கிடைத்தது. குடிப்பழக்கமும் ஒட்டிக் கொண்டது.

நான்கு மகன்கள். மூத்தவர் பீட்டர். மற்றொரு மகன் மார்ட்டன் பின்னாளில் கால்பந்து வீரராகி, 1986-ம் ஆண்டு உலகக் கோப்பைப் போட்டியில் ஹங்கேரிக்காக கோல் போட்டார். எல்லாவற்றையும் இழந்தும் தலை குனியாத மனிதர் என்றே மகன்கள் தந்தையை நினைத்திருந்தார்கள்.

"சனாடி"

1956 அக்டோபரில் ஹங்கேரி மக்கள் ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்து எழுந்தார்கள். நவம்பர் 4-ந் தேதி ருஷிய டாங்கிகள் புடாபெஸ்டுக்குள் புகுந்தன. புரட்சி நசுக்கப்பட்டது. புரட்சிக்குப் பின் 200-க்கும் மேற்பட்டவர்கள் தூக்கில் மாண்டார்கள். புரட்சியின்போது பிரதம மந்திரியாக இருந்த இம்ரே நாகியும் 1958-ம் ஆண்டு ஜூன் 16-ந் தேதி தூக்கிலிடப்பட்டார்.

ரகசிய போலீசாருக்கு அப்போது கண்களும் காதுகளும் தேவைப்பட்டன. 1957-ல் மாத்யாஸ் எஸ்தர்ஹாசி அவர்களுடைய ஆள் ஆனார். அவருக்கு அவர்கள் சூட்டிய மறைபெயர் "சனாடி". 1980 வரை அந்தப் பெயரில் எழுதிக் கொடுத்தார். இருபத்து மூன்று வருஷம்!

உறவினர்கள், பழைய பிரபு குடும்பங்கள், தெரிந்தவர்கள். யார் வந்தார், என்ன பேசினார், வெளிநாட்டில் யாரோடு தொடர்பு என்பது போன்ற சங்கதிகள். ஒவ்வோர் அறிக்கைக்கும் கீழே போலீஸ் அதிகாரி குறிப்பு எழுதுவார். இந்தத் தகவல் எவ்வளவு உதவும், அடுத்தபடியாக யாரைப் பார்த்து என்ன விசாரித்து வர வேண்டும் என்று கட்டளை இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளையின் நோட்டில் வாத்தியார் எழுதுவது போல!

பார்ப்பதற்குச் சின்ன விஷயங்கள்தான். ஆனால் வீட்டுத் திண்ணையில் பேசினால் வம்பு. போலீசார் கையில் கொடுத்தால் அது ஆயுதம். ஒருவருக்கு வேலை போகவும், வெளிநாடு செல்ல அனுமதி மறுக்கப்படவும் சின்ன விஷயமே போதும்.

1979-ல் பீட்டரின் நாவல் ஒன்று வெளிவந்து அவருக்குப் பெரும் புகழ் தேடிக் கொடுத்தது. மகன் ஆட்சியாளர்களை எழுத்தில் கேலி செய்து கொண்டிருந்த அந்த நாளிலும், தந்தை அதே ஆட்சியாளர்களுக்குத் தகவல் கொடுத்துக் கொண்டிருந்தார். மகனுக்கு எதுவும் தெரியாது.

1989-ல் அந்த ஆட்சியும் சாய்ந்தது. தூக்கிலிடப்பட்ட நாகிக்கு அதே ஜூன் 16-ந் தேதி, லட்சக்கணக்கான மக்கள் கூடி மரியாதையோடு மறு அடக்கம் செய்தார்கள். மாத்யாஸ் 1998-ல் காலமானார். ரகசியத்தையும் தன்னோடு கொண்டு போனார். கொண்டு போனதாகத்தான் நினைத்திருப்பார்.

முடிந்து போன புத்தகம்

இதில் விதியின் விளையாட்டைப் பாருங்கள்.

கட்டுகளைப் பார்த்த அந்த ஜனவரியில், பீட்டர் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் பாடுபட்டு ஒரு பெரிய நாவலை முடித்திருந்தார். பெயர், "ஹார்மோனியா செலஸ்டிஸ்". எஸ்தர்ஹாசி குலத்தின் கதை. முன்னோர் ஒருவர் 1711-ல் வெளியிட்ட பக்திப் பாடல் தொகுதியின் பெயரையே அதற்கு வைத்தார். அந்த நாவலின் முதல் பாகத்தில் வரும் முன்னோர் ஒவ்வொருவருக்கும் ஒரே பெயர்தான்: "என் தந்தை". போர்க்களத்தில் நிற்பவரும் என் தந்தை, விருந்தில் அமர்ந்திருப்பவரும் என் தந்தை. தந்தைக்குக் கட்டிய கோயில் என்றே சொல்லலாம்.

கோயிலுக்குக் குடமுழுக்கு நடக்க வேண்டிய வேளையில் நான்கு கட்டுகள் வந்து சேர்ந்தன.

பீட்டர் நாவலைத் திருத்தவில்லை. எழுதியபடியே 2000-ல் வெளிவந்தது. நாடே கொண்டாடியது. பேட்டிகள், கூட்டங்கள், பாராட்டுகள். எல்லோரும் அவருடைய தந்தையைப் பற்றிக் கேட்டார்கள். அவரும் பதில் சொன்னார். நடுநடுவே அந்த அலுவலகத்துக்குப் போய் தந்தை எழுதியதைத் தன் கையால் நகல் எடுத்தார். உலகத்துக்குத் தெரியாமல் தந்தை இரட்டை வாழ்க்கை வாழ்ந்தார் அல்லவா? இப்போது மகனுக்கும் அதே கதி.

2002-ல் அடுத்த புத்தகம் வந்தது. பெயர், "திருத்திய பதிப்பு". முந்திய நாவலுக்கு இணைப்பு என்று அதில் போட்டிருந்தது. தந்தையின் அறிக்கைகளில் இருந்து எடுத்த வரிகள் சிவப்பு மையில் அச்சாகி இருந்தன. மகனின் வார்த்தைகள் கறுப்பு மையில்.

பயமுறுத்தினார்கள், பாவம், அவர் என்ன செய்வார் என்று சொல்லித் தப்பித்துக் கொள்ள பீட்டர் விரும்பவில்லை. தந்தை அறிக்கை எழுதிய காலத்தில் யார் யார் தூக்கில் தொங்கினார்கள் என்பதையும் பக்கத்திலேயே குறித்தார். மற்றவர்கள் விலை கொடுத்த நேரத்தில் தன் தந்தை என்ன செய்து கொண்டிருந்தார் என்று வாசகர் பார்க்கட்டும் என்று விட்டார். தந்தையைத் திட்டினார். அதே பக்கத்தில் அவருக்காக இரங்கினார். அவர் மீது வைத்த அன்பை மட்டும் மறுக்கவில்லை.

எல்லோரும் இப்படிச் செய்யவில்லை. ஹங்கேரியின் புகழ் பெற்ற சினிமா டைரக்டர் இஸ்த்வான் சாபோ, ஹிட்லர் ஆட்சிக்கு வளைந்து கொடுத்த ஒரு நடிகனின் கதையைப் படமாக்கி 1982-ல் ஆஸ்கார் பரிசு பெற்றவர். அவரே இளமையில் போலீசாருக்குத் தகவல் கொடுத்தவர் என்பது 2006-ல்தான் வெளியே வந்தது. அதுவும் ஒரு பத்திரிகை கண்டுபிடித்து எழுதிய பிறகு.

பீட்டர் பல பரிசுகள் பெற்று, 2016-ம் ஆண்டு ஜூலை 14-ந் தேதி, 66-வது வயதில் புற்றுநோயால் காலமானார்.

"திருத்திய பதிப்பு" புத்தகத்தில் ஆங்காங்கே ஒற்றை எழுத்து ஒன்று தனியாக நிற்கும். அச்சுப் பிழை அல்ல. அந்த அலுவலகத்தில் உட்கார்ந்து நகல் எடுக்கும்போது அவருக்கு அடிக்கடி அழுகை வந்தது. ஒவ்வொரு தடவையும் "கண்ணீர்" என்று முழுதாக எழுத அலுத்துப் போய், அந்தச் சொல்லின் முதல் எழுத்தை மட்டும் குறித்து வைத்தார். தன்னைப் பற்றியே பரிதாபம் தோன்றிய இடங்களுக்கு வேறோர் எழுத்து. அச்சுக்குக் கொடுத்தபோது அவற்றை அவர் நீக்கவில்லை.