சாட்சிக்கு உறுதி எங்கிருந்து வருகிறது?

1984 ஜூலை. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம், பர்லிங்டன் நகரம். ஜெனிஃபர் தாம்ப்சன் என்ற 22 வயதுக் கல்லூரி மாணவியின் வீட்டுக்குள் இரவில் புகுந்த ஒருவன், கத்தியைக் காட்டி அவரைப் பலாத்காரம் செய்தான். உயிர் பிழைத்தால் இவனைக் கம்பி எண்ண வைக்க வேண்டும் என்று, அந்த நிலையிலும் அவன் முகத்தை உற்று உற்றுப் பார்த்து மனதில் ஏற்றிக்கொண்டார் அவர். இதைவிட நல்ல சாட்சி போலீசாருக்குக் கிடைக்குமா?

காவல் நிலையத்தில் ஆறு புகைப்படங்களைக் காட்டினார்கள். நான்கைச் சட்டென்று ஒதுக்கியவர், மிச்சம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சில நிமிடம் கழித்தே ஒன்றைத் தொட்டார். ரொனால்ட் காட்டனின் படம் அது. பிறகு ஆட்களை நேரில் வரிசையாக நிறுத்தியபோது 4ஆம் எண்ணா, 5ஆம் எண்ணா என்று தடுமாறி 5ஐச் சொன்னார். புகைப்படத்தில் காட்டியதும் இதே ஆளைத்தான் என்றார்கள் போலீசார். அவருக்குப் பெரிய நிம்மதி. ஆனால் இரண்டு வரிசையிலும் இடம்பெற்ற ஒரே ஆள் காட்டன்தான்! 1985-ல் சாட்சிக் கூண்டில் ஏறியபோது தாம்ப்சனிடம் துளி சந்தேகமும் இல்லை. தீர்ப்பு, ஆயுள் தண்டனை.

சிறைச் சமையலறையில் காட்டனைச் சிலர் வேறொரு கைதியின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். இருவருக்கும் அவ்வளவு சாயல். 1987 மறுவிசாரணையில் அந்தக் கைதியைத் தாம்ப்சன் முன்னால் நிறுத்தியபோது, இவனைப் பார்த்ததே இல்லை என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அதற்குள் குற்றவாளியின் முகம் இருந்த இடத்தில் காட்டனின் முகம் வந்து உட்கார்ந்துவிட்டது. 1995-ல் டி.என்.ஏ. சோதனை அந்தக் கைதியைக் காட்டிக்கொடுத்தது. காட்டன் சிறையில் கழித்தது பத்தரை ஆண்டுகள்.

இதை விதிவிலக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவில் டி.என்.ஏ. சோதனையால் நிரபராதி என்று தெரியவந்தவர்களின் வழக்குகளில் பெரும்பான்மையானவற்றில் ஆளைத் தவறாக அடையாளம் காட்டிய சாட்சி இருந்திருக்கிறது.

உளவியலாளர் கேரி வெல்ஸும் சக ஆய்வாளர் ஒருவரும் 1998-ல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். மங்கலான வீடியோ ஒன்றைப் பார்த்தவர்களிடம், உண்மையான குற்றவாளியே இல்லாத படங்களைக் கொடுத்தார்கள். தேர்ந்தெடுத்த அத்தனை பேரும் காட்டியது தவறான ஆளை. அவர்களில் சிலரிடம் மட்டும் ‘சரியாகக் காட்டிவிட்டீர்கள்’ என்று பாராட்டினார்கள். அவ்வளவுதான்; தொடக்கத்திலிருந்தே தாங்கள் உறுதியாக இருந்ததாகவும், முகத்தைத் தெளிவாகப் பார்த்ததாகவும் அவர்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். நீதிமன்றத்தில் எல்லோரையும் அசத்துவது சாட்சியின் இந்த உறுதிதான் என்பது வயிற்றில் புளியைக் கரைக்கும் சங்கதி.

படத்தைக் காட்டும் அதிகாரிக்கே சந்தேக நபர் யாரென்று தெரியக் கூடாது என்று வட கரோலினா 2007-ல் சட்டம் போட்டது. நம் நாட்டில் அடையாள அணிவகுப்பை வழக்கமாக மாஜிஸ்திரேட் நடத்துகிறார். போலீசார் விலகி நிற்க வேண்டும். கைதானவரின் முகத்தைத் துணியால் மூடி அழைத்துவருவதும், சாட்சி அதை முன்கூட்டியே பார்த்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். அணிவகுப்புக்கு முன்பே அவர் படம் டி.வி.யிலோ செய்தித்தாளிலோ வந்திருந்தால், குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது அதைத்தான்.