லட்ச ரூபாய் ஸ்பீக்கர் வாங்கப் போறீங்களா? ‘ட்ரான்ஸ்பரன்ட்’னா என்னன்னு தெரிஞ்சுக்கோங்க!

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தைத் தாண்டும்போது உப்பளப் பாத்திகளைக் கவனித்திருக்கிறீர்களா? தண்ணீர் தெளிந்து நின்றால் அடிமண் வரை தெரியும். கலங்கிவிட்டால் தண்ணீர் மட்டும்தான் தெரியும்.

விலை உயர்ந்த ஹோம் ஆடியோ கடைகளில் அடிக்கடி காதில் விழும் ‘ட்ரான்ஸ்பரன்ட்’ என்ற வார்த்தைக்கும் இதுதான் அர்த்தம். பாட்டுக்கும் உங்கள் காதுக்கும் நடுவே ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் என்று எதுவும் இருப்பதாகவே தோன்றக் கூடாது. பதிவில் இருப்பது குறையாமல் வர வேண்டும். இல்லாதது சேரவும் கூடாது.

பாஸ் அதிர்ந்தால் நல்ல சிஸ்டமா?

அவசியம் இல்லை. எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே மாதிரி ‘தும் தும்’ என்று அதிர்ந்தால், அது ஸ்பீக்கரோ அறையோ தன் பங்குக்குச் சேர்ப்பது. ட்ரான்ஸ்பரன்ட் சிஸ்டத்தில் பாட்டுக்குப் பாட்டு ஒலி மாறும்.

எப்படிச் சோதிப்பது?

இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ (1986) ஆல்பத்தைப் போடுங்கள். வி.எஸ்.நரசிம்மனின் வயலினில் வில் கம்பியை உரசுவது கேட்கிறதா? மற்ற கருவிகள் சேர்ந்த பிறகும் வயலின் தனியாகத் தெரிகிறதா? அடுத்து ‘நத்திங் பட் விண்ட்’ (1988). ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலில் மூச்சுக்காற்று கேட்கிறதா?

இன்னொரு விஷயம். தெளிவு என்பது நல்லதை மட்டும் காட்டாது. அளவுக்கு மீறிச் சுருக்கப்பட்ட எம்.பி.3 பாட்டின் கரகரப்பையும் அப்படியே காட்டிக்கொடுக்கும். அதற்கு சிஸ்டத்தைக் குறை சொல்ல முடியாது.

வீட்டையும் கவனியுங்கள்

டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் ஒலியைத் திருப்பி அடித்துக் கலக்கிவிடும். கனமான திரைச்சீலை, தரையில் ஒரு கெட்டி ஜமுக்காளம், புத்தக அலமாரி இருந்தாலே வித்தியாசம் தெரியும். ஸ்பீக்கரை மூலையிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தால் பாஸ் இரைச்சல் குறையும்.

மரக்காணம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றால் ஸ்பீக்கர் வயரின் செம்பு முனைகளில் களிம்பு ஏறும். மின்சாரத்தை அணைத்துவிட்டு, அவ்வப்போது முனைகளைத் துடைத்து இறுக்குங்கள்.

பணம் கொடுப்பதற்கு முன்…

கடைக்காரர் போடும் பாட்டை மட்டும் கேட்டு முடிவெடுக்காதீர்கள். பல வருடங்களாக உங்களுக்கு மனப்பாடமான பாட்டைப் போடச் சொல்லுங்கள். இரண்டு சிஸ்டங்களையும் ஒரே சத்த அளவில் ஒப்பிடுங்கள். ஏனென்றால், சற்றுச் சத்தமாக ஒலிப்பதே நன்றாக இருப்பது போலக் காது நம்பிவிடும். விலைச்சீட்டைக் கேட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம்!