கடலோரத்தில் நீண்ட தூரம் சைக்கிள் ஓட்டப் போகிறீர்களா? முதலில் காற்றைப் பாருங்கள்

ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் மரின் பரேட் பக்கத்திலிருந்து புறப்பட்டு, தானா மேரா வழியாக சாங்கி வில்லேஜ் வரை சைக்கிளில் போய்வர மூத்தோர் பலருக்கும் ஆசை உண்டு. ஒரு வழிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். பாதையில் மேடு பள்ளம் அதிகம் இல்லை. வழியில் கடலைப் பார்க்கலாம், போய்ச் சேர்ந்ததும் உணவங்காடியில் காலைப் பசியாறலாம். வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடற்பயிற்சி செய்யும்படி பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. அதில் பெரும் பகுதி இந்த ஒரே பயணத்தில் முடிந்துவிடும்.

மேடு இல்லாத இந்தப் பாதையில் உங்களைச் சோதிப்பது காற்று. மேட்டைக் கண்ணால் பார்க்கலாம். காற்றைப் பார்க்க முடியாது. அதிலும் முதுகுக்குப் பின்னால் வீசும் காற்றைப் பலர் உணர்வதே இல்லை. "இன்றைக்கு உடம்பு நன்றாக ஒத்துழைக்கிறது" என்று நினைத்து, திட்டமிட்டதைவிடத் தூரம் போய்விடுவார்கள். திரும்பும்போதுதான் உண்மை தெரியும்.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். காற்றில்லாத நாளில் நீங்கள் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுபவர் என்றால், 20 கிலோமீட்டருக்கு 1 மணி 20 நிமிடம் ஆகும். பின்காற்றில் அதே தூரத்தை 20 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரத்தில் கடந்துவிடுகிறீர்கள். எதிர்காற்றில் வேகம் 10 கிலோமீட்டராகக் குறைந்தால், திரும்பி வர 2 மணி நேரம் ஆகும். போனதைப்போல் இரு மடங்கு நேரம், அதுவும் களைத்த கால்களோடு, ஏறிவிட்ட வெயிலில்.

காற்றை எதிர்த்து வேகத்தைக் குறைக்காமல் ஓட்ட முயல்வது இன்னும் கடினம். 15 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் எதிர்காற்றில் நீங்களும் 15 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால், காற்று உங்களைத் தடுக்கும் விசை அமைதியான நாளில் இருப்பதைப்போல் நான்கு மடங்காகிவிடும். ஆகவே எதிர்காற்றில் வேகத்தைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். லேசான கியருக்கு மாறி, மெதுவாகப் போங்கள். பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் உங்கள் வேகம் சரி. இரண்டு சொல்லுக்கு ஒரு முறை மூச்சு வாங்கினால் குறையுங்கள். கைக்கடிகாரம் காட்டும் இதயத் துடிப்பை மட்டும் நம்ப வேண்டாம். பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுவோருக்கு, உடல் கடுமையாக உழைத்தாலும் துடிப்பு அவ்வளவாக ஏறாது.

எந்தப் பக்கத்திலிருந்து புறப்படுவது?

போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று. இதுதான் பாதுகாப்பான ஏற்பாடு. டிசம்பர் முதல் மார்ச் வரை, வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில், காற்று பெரும்பாலும் வடக்கு, வடகிழக்கிலிருந்து வரும். அப்போது ஈஸ்ட் கோஸ்ட்டில் தொடங்கி சாங்கியை நோக்கிப் போனால், திரும்பும்போது காற்று உங்களைத் தள்ளிவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று பெரும்பாலும் தெற்கு, தென்கிழக்கிலிருந்து வருகிறது. இந்த மாதங்களில் முடிந்தால் சாங்கி பக்கத்தில் தொடங்குங்கள். இல்லையென்றால் தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். பகல் ஏற ஏறக் கடற்காற்றும் வலுக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

பின்காற்றிலும் ஓர் ஆபத்து உண்டு. நீங்களும் காற்றும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் போகும்போது, உடலின்மேல் காற்றே படாது. வியர்வை உலராமல் வழியும், உடல் சூடேறும். எதிர்காற்றில் இதற்கு நேர்மாறாக நடக்கும். வியர்வை உடனுக்குடன் உலர்ந்துவிடுவதால் எவ்வளவு நீர் இழந்தோம் என்பதே தெரியாது. வயது ஏறினால் தாகம் எடுப்பதும் குறையும். தாகத்திற்குக் காத்திராமல் 15, 20 நிமிடத்திற்கு ஒரு முறை சில மிடறு குடியுங்கள். இதய, சிறுநீரக நோய்க்காக நீர் அருந்துவதில் கட்டுப்பாடு உள்ளவர்களும் நீர் மாத்திரை சாப்பிடுபவர்களும் எவ்வளவு குடிக்கலாம் என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வெயிலுக்கு முன் முடிக்க வேண்டுமானால் காலை 7 மணிக்கெல்லாம் புறப்பட வேண்டும். இருட்டாக இருந்தால் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு. ஆனால் ஏப்ரல் முதல் நவம்பர் வரை 'சுமத்திரா' எனப்படும் புயல்காற்று விடியற்காலையிலும் காலையிலும்தான் வரும். பலத்த மழை, இடியுடன் மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும். அதனால் வீட்டை விட்டுக் கிளம்புமுன் கைப்பேசியில் வானிலை முன்னறிவிப்பைப் பாருங்கள். வழியில் மேற்கு வானம் கறுத்து, திடீரென்று குளிர்காற்று அடித்தால், இன்னும் கொஞ்சம் போகலாம் என்று எண்ண வேண்டாம். தனி மரத்தடி, ஜெட்டி, திறந்த மணல்வெளி ஆகியவற்றை விட்டு விலகி, கட்டடத்திற்குள் அல்லது விரைவுச்சாலைக்கு அடியில் செல்லும் சுரங்கப் பாதைக்குள் போய்விடுங்கள். கடைசி இடியோசை கேட்டு 30 நிமிடம் ஆன பிறகே வெளியே வாருங்கள்.

பாதியில் நிறுத்த நேர்ந்தால்

திரும்பும் நேரத்தை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். "8.15க்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவேன்" என்பது, "சாங்கி வரை போவேன்" என்பதைவிட நல்ல திட்டம். ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா நெடுகிலும் கடைகளும் கழிவறைகளும் உள்ளன. மரின் பரேட், சிக்லாப், பேஷோர் எம்ஆர்டி நிலையங்களும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. தானா மேராவைத் தாண்டி விமான நிலையத்தின் ஓரமாகப் போகும் நீண்ட நேர்ப்பாதையில் நிழலும் குறைவு, கடையும் குறைவு, காற்றும் அதிகம். அதில் நுழையும் முன் ஒரு முறை இறங்கி நின்று, கால், மூச்சு, தண்ணீர் மூன்றும் போதுமா என்று பாருங்கள். இன்னொன்று: ரயிலில் மடக்கு சைக்கிளை மட்டுமே கொண்டு போகலாம். உங்களுடையது மடக்க முடியாதது என்றால், வந்து அழைத்துப்போக யாரைக் கூப்பிடுவது என்பதையும் முன்பே பேசி வையுங்கள்.

பக்கக்காற்றுக்கும் தயாராக இருங்கள். மரங்களோ கட்டடமோ மறைத்திருந்த இடம் முடிந்து வெட்டவெளிக்கு வந்ததும் காற்று திடீரென்று தள்ளும். இரு கைகளாலும் பிடியுங்கள், முழங்கையைச் சற்றுத் தளர்த்துங்கள், தோளைத் தாழ்த்துங்கள். கைப்பிடியில் பை மாட்டாதீர்கள். துப்பட்டா, தளர்ந்த கால்சட்டை விளிம்பு ஆகியவற்றைச் செருகிக்கொள்ளுங்கள், சங்கிலியில் சிக்கினால் விழுவது உறுதி. காற்று பாதையில் கொண்டுவந்து போடும் மணலில் பிரேக்கைச் சட்டென்று அழுத்தாதீர்கள். பூங்காப் பாதை என்றாலும் தலைக்கவசம் அணியுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவருக்குத் தலையில் படும் சிறு அடியும் பெரிதாகலாம்.

நீரிழிவுக்கு இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள், நீண்ட பயண நாளில் அளவை மாற்ற வேண்டுமா என்று மருந்தகத்தில் கேளுங்கள். வெறும் வயிற்றில் புறப்பட வேண்டாம். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, தடுமாற்றம் வந்தால் உடனே நிறுத்தி, 3 தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கலந்தோ அரை டின் இனிப்புப் பானமாகவோ குடித்து, 15 நிமிடம் உட்காருங்கள். சர்க்கரை குறைவது பயணம் முடிந்து பல மணி நேரம் கழித்தும், இரவிலும்கூட நிகழலாம்.

நீண்ட நாள் ஓட்டாதவர்கள் முதலில் 30 நிமிடப் பயணங்களில் தொடங்கி, சில வாரங்களில் மெல்லக் கூட்டுங்கள். அவற்றில் ஓரிரண்டு, வேண்டுமென்றே காற்றுள்ள நாளாக இருக்கட்டும்.

நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, மயக்கம், வழக்கத்திற்கு மாறான மூச்சுத்திணறல், குழப்பமான பேச்சு ஆகியவற்றில் எது வந்தாலும் இறங்கி உட்கார்ந்து 995ஐ அழையுங்கள். பூங்காவில் அருகிலுள்ள கார் நிறுத்துமிடத்தின் எழுத்தையும் எண்ணையும் சொன்னால், ஆம்புலன்ஸ் உங்களை விரைவில் கண்டுபிடிக்கும்.