விரதத்துக்குப் பால் சரி, மயக்க மருந்துக்கு?

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுக்கும் பினாங்கு மக்களுக்கு விரதம் புதிதல்ல. பாலும் பழமும் மட்டுமே எடுத்துக்கொண்டு நாளைக் கழிப்பவர்கள் பலர். அதே பழக்கத்தில் காலையில் ஒரு குவளைப் பால் குடித்துவிட்டு, "வெறும் வயிற்றோடுதான் வந்தேன்" என்று அறுவை சிகிச்சைக்குப் போய்ப் படுப்பதுதான் ஆபத்து.

குடலிறக்கம் போன்ற பல அறுவை சிகிச்சைகளுக்கு இப்போது காலையில் போய் மாலையில் வீடு திரும்பலாம். முதல் நாள் இரவு வார்டில் தங்குவதில்லை. அதனால், என்ன சாப்பிட்டார் என்று கவனிக்கும் பொறுப்பு தாதியிடமிருந்து வீட்டுச் சமையலறைக்கு வந்துவிட்டது.

முழு மயக்கத்தில் இருமலும் விழுங்கும் உணர்வும் அடங்கிவிடும். வயிற்றில் உள்ளது மேலேறி வந்தால் நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம். நியூயார்க் மருத்துவர் கர்டிஸ் மெண்டல்சன் 1946-இல் இதை விளக்கி எழுதினார். அவர் ஆராய்ந்த 44,016 கர்ப்பிணிகளில் 66 பேருக்குப் பிரசவ மயக்கத்தின்போது இப்படி நேர்ந்தது. திட உணவு மூச்சுக்குழாயை அடைத்து இருவர் இறந்தனர்.

அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் சங்கம் 1999-இல் வெளியிட்ட கணக்கே இன்றும் அடிப்படை. மயக்க மருந்து கொடுப்பதற்கு முன், லேசான உணவுக்கும் பாலுக்கும் 6 மணி நேரம், தெளிந்த பானத்துக்கு 2 மணி நேரம் இடைவெளி வேண்டும். நம் ஒட்டுக்கடை மொழியில் சொன்னால், தே ஓ பானம். தே தாரிக்கும் பால் மைலோவும் உணவு! எண்ணெயும் இறைச்சியுமாக நாசி கண்டார் சாப்பிட்டிருந்தால் 8 மணி நேரம்கூடப் போதாமல் போகலாம்.

இரவிலிருந்தே சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் வருபவர்களும் உண்டு. அதுவும் தேவையில்லை; உடலில் நீர் வற்றித் தலைசுற்றலே மிஞ்சும். மருத்துவமனை வேறு நேரம் சொல்லியிருந்தால் மட்டும் அதன்படி நடக்க வேண்டும்.

இனிப்புநீர் மாத்திரை, இரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து, நாட்டு மருந்து எல்லாவற்றையும் மயக்கவியல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். உடல் எடையைக் குறைக்க வாரம் ஒருமுறை போடும் ஊசியைப் பலர் மருந்தாகவே நினைப்பதில்லை. அது வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும். பட்டினி கிடந்தும் வயிற்றில் உணவு தங்கியிருக்கலாம்.

பால் குடித்ததை ஒப்புக்கொண்டால் அறுவை சிகிச்சை தள்ளிப்போகும். எடுத்த விடுப்பு வீண், அழைத்து வந்த மகனுக்கும் எரிச்சல். மறைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இவ்வளவுதான்.

திரும்பும்போதும் துணைக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும். தெளிவாகப் பேசினாலும் முழு மயக்கமோ தூக்க மருந்தோ பெற்றவருக்கு நிதானம் முழுதாகத் திரும்பியிருக்காது. 24 மணி நேரத்துக்கு மோட்டார் சைக்கிளைத் தொடக்கூடாது. பட்டர்வொர்த்துக்குப் பாலம் கடந்து போக வேண்டியவர் பின்னால் உட்கார்ந்து போவதும் சரியல்ல. காரில்தான் போக வேண்டும். அன்றிரவு வீட்டில் பெரியவர் ஒருவர் உடன் தங்க வேண்டும்.