வெறும் வயிற்றில் பாடம் ஏறாது

கண்டியைச் சூழ்ந்த தோட்டப் பகுதிகளில் பல பிள்ளைகள் வெறுந்தேநீரைக் குடித்துவிட்டு மலைப்பாதையில் நடந்து பாடசாலைக்குப் போகின்றனர். 2025 நவம்பரில் டித்வா புயலின்போது ஏற்பட்ட மண்சரிவுகளில் வீட்டையும் காணியையும் இழந்த குடும்பங்களுக்கு நிலைமை இன்னும் கடினமானது. கையில் காசு குறையும்போது முதலில் நிற்பது காலைச் சாப்பாடு. அடுத்து நிற்பது பிள்ளையின் பாடசாலை வரவு.

பாடசாலையில் உணவளிப்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1989இல் மதிய உணவுத் திட்டமொன்று தொடங்கியது. அது சில ஆண்டுகளே நீடித்தது. 2024 மார்ச்சில் ஆரம்பப் பிரிவு மாணவர் அனைவருக்கும், ஏறத்தாழ 16 இலட்சம் பேருக்கு, உணவுத் திட்டம் விரிவாக்கப்பட்டது. இந்த உணவு காலையிலேயே பரிமாறப்படுவது இதன் சிறப்பு.

உணவு கொடுத்தால் பிள்ளைகள் வருவார்களா? தமிழ்நாட்டைப் பார்ப்போம். அங்கே 2022 செப்டெம்பர் 15இல் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. மகளிர் சுய உதவிக் குழுவினர் சமைக்கின்றனர். மாநிலத் திட்டக்குழு ஆராய்ந்த 1,543 பாடசாலைகளில் 1,319இல் மாணவர் வரவு கூடியிருந்தது.

நம் நாட்டுத் திட்டத்தில் ஒரு குறையும் உண்டு. ஐந்தாம் ஆண்டோடு உணவு நின்றுவிடுகிறது. தம்பி சாப்பிட்டுவிட்டுப் படிக்க, ஆறாம் ஆண்டில் இருக்கும் அக்கா பசியோடு இருக்கிறாள். இதைப் பெற்றோர் கூட்டங்களில் துணிந்து பேச வேண்டும்.

பெற்றோரே, இது தருமம் அல்ல. உங்கள் பிள்ளையின் உரிமை. வெட்கப்பட வேண்டாம். இடம்பெயர்ந்து வந்த இடத்தில் பிள்ளையைத் தாமதமின்றிப் பாடசாலையில் சேருங்கள். இடாப்பில் பெயர் இருந்தால்தான் சாப்பாட்டுக் கணக்கிலும் பிள்ளை இருக்கும். பத்திரங்கள் மண்ணில் புதைந்து போயிருந்தால் அதிபரிடமும் கிராம அலுவலரிடமும் சொல்லுங்கள்.

நாம் கொடுப்பவர்களாகவும் ஆகலாம். பாடசாலைச் சமையலுக்குக் கீரை, முட்டை, பயறு, பழம் எல்லாம் தேவை. தற்காலிகக் குடிசையின் அருகே ஒரு பாத்தி கீரையும் நான்கு கோழிகளும் இருந்தால், சமைப்பவரோடு பேசிப் பாருங்கள். நாலு காசும் வரும். ஊரோடு உறவும் வளரும்.

ஐயாயிரம் பேர் பசியாறிய அன்று, அப்பமும் மீனும் கொண்டுவந்தது ஒரு சிறுவன்தான். இழந்தவர்களிடமும் கொடுக்க ஏதோ ஒன்று இருக்கிறது.