புது கார் எடுக்கப் போறீங்களா? ஷோரூம் பில்லில் எதைப் பார்க்கணும்... எக்ஸ்டெண்டட் வாரண்டி தேவைதானா?

எக்ஸ்-ஷோரூம் விலை 9 லட்சம் என்று நம்பி ஷோரூமுக்குள் போகிறவர் கையில், வெளியே வரும்போது 11 லட்சத்துக்கு ஒரு கொட்டேஷன் இருக்கும். நடுவில் சேர்ந்த 2 லட்சத்தில் அரசுக்குப் போவது எவ்வளவு, இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எவ்வளவு, டீலருக்கு நிற்பது எவ்வளவு? கேட்டுப் பாருங்க. "எல்லாம் சேர்த்துதான் சார் ஆன்-ரோடு" என்பதுதான் பெரும்பாலும் வரும் பதில்.

புது வண்டியை விற்பதில் மட்டும் டீலருக்குப் பெரிய லாபம் கிடையாது. இன்சூரன்ஸ், ஆக்சஸரீஸ், கார் லோன், எக்ஸ்டெண்டட் வாரண்டி, பிறகு வரும் சர்வீஸ் இவற்றில்தான் அவர்களுக்கு வருமானம். அதில் தவறு ஒன்றுமில்லை, அது அவர்கள் தொழில். ஆனால் இந்த நான்கைந்து விஷயங்களையும் ஒரே தொகையாகக் கட்டி, "மாசம் இவ்வளவுதான் இ.எம்.ஐ." என்று நீட்டும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. அதனால் முதலில் அந்த ஒற்றைத் தொகையைப் பிரித்துப் பார்க்கணும்.

கட்டாயம் கட்ட வேண்டியது எது?

தமிழ்நாட்டில் பெரிய செலவு வாழ்நாள் சாலை வரி. 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட விகிதப்படி, 5 லட்சம் ரூபாய் வரையிலான கார்களுக்கு 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம். 9 லட்சம் ரூபாய் காருக்கு 1,17,000 ரூபாய்.

இதில் பலர் கவனிக்காத இடம் அந்த 10 லட்சம் என்ற கோடு. 9.90 லட்சம் ரூபாய் காருக்கு வரி 1,28,700. அதே காரில் இன்னும் 30,000 ரூபாய் கூடுதலாக உள்ள வேரியன்ட்டுக்குப் போனால், விலை 10.20 லட்சம், வரி 1,83,600. அதாவது 30,000 ரூபாய் வசதிக்காக 54,900 ரூபாய் கூடுதல் வரி. போதாததற்கு, 10 லட்சத்தைத் தாண்டினால் 1 சதவீதம் டி.சி.எஸ். பிடிப்பார்கள். இந்தத் தொகை மட்டும் செலவு அல்ல. வருமான வரி கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், ரீஃபண்டாகவும் வாங்கலாம். டி.சி.எஸ். பிடித்ததற்கான சான்றிதழைக் கேட்டு வாங்காமல் விட்டுவிடுபவர்கள் நிறைய பேர். "டாப் மாடலுக்கு சின்ன வித்தியாசம்தான் சார்" என்று சொல்லும்போது, இந்த வரி வித்தியாசத்தையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்க.

பதிவுக் கட்டணம் காருக்கு 600 ரூபாய், பைக்குக்கு 300 ரூபாய். லோன் போட்டு எடுத்தால் ஹைப்போதிகேஷன் பதிவுக்குக் காருக்கு 1,500, பைக்குக்கு 500. கொட்டேஷனில் 'ஆர்.டி.ஓ. செலவு' என்று மொத்தமாக ஒரு பெரிய எண் எழுதியிருந்தால், அதில் வரி எவ்வளவு, கட்டணம் எவ்வளவு, மிச்சம் எதற்கு என்று கேளுங்க. அரசுக்குக் கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது உண்டு. ரசீது இல்லாத தொகை அரசுக்குப் போவதில்லை.

'ஹேண்ட்லிங் சார்ஜ்', 'லாஜிஸ்டிக்ஸ்', 'டெப்போ சார்ஜ்' இவையெல்லாம் அந்த ரகம்தான். தொழிற்சாலையிலிருந்து ஷோரூமுக்கு வண்டி வந்து சேரும் செலவும் டீலர் கமிஷனும் எக்ஸ்-ஷோரூம் விலைக்குள்ளேயே இருக்கின்றன. இந்தப் பெயர்களில் அரசு எதையும் வசூலிப்பதில்லை. எழுத்தில் விளக்கம் கேட்டால் பல இடங்களில் இந்த வரி மெதுவாக மறைந்துவிடும் என்பதே அனுபவஸ்தர்கள் சொல்வது. 'எசென்ஷியல் கிட்' என்ற பெயரில் வரும் மேட், மட் ஃபிளாப், சீட் கவர் போன்றவையும் விருப்பத்துக்குரியவைதான். பைக் வாங்குகிறவர்களுக்கு ஒரு தகவல்: வண்டியோடு ஐ.எஸ்.ஐ. தரத்திலான ஹெல்மெட் ஒன்றை நிறுவனம் தர வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 138 சொல்கிறது.

இன்சூரன்ஸை ஷோரூமிலேயேதான் எடுக்கணுமா?

இல்லை. புது காருக்கு 3 ஆண்டு, பைக்குக்கு 5 ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 2018 செப்டம்பர் 1 முதல் இந்த நடைமுறை. ஆனால் சொந்த வண்டியின் சேதத்துக்கான காப்பீட்டை ஒரு ஆண்டுக்கு மட்டும் எடுத்தால் போதும். எந்த நிறுவனத்தில், யார் மூலம் எடுப்பது என்பது வாங்குபவரின் உரிமை. டீலர்கள் இன்சூரன்ஸ் விற்பதற்கு காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2017-ல் கொண்டுவந்த விதிமுறைகளும், குறிப்பிட்ட பாலிசியைத்தான் எடுக்க வேண்டும் என்று வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கின்றன.

"வெளியில எடுத்தா கேஷ்லெஸ் கிடைக்காது சார்" என்பது அடுத்த அஸ்திரம். கேஷ்லெஸ் கிடைப்பது, அந்த இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் அந்த ஒர்க்‌ஷாப்புக்கும் ஒப்பந்தம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. நீங்கள் பாலிசியை எங்கே வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது அல்ல. ஆன்லைனில் அதே ஐ.டி.வி., அதே ஜீரோ டெப்ரிசியேஷன் போட்டு ஒரு பிரீமியம் எடுத்து, அதை மேஜையில் வைத்துப் பேசுங்க. பெரும்பாலும் ஷோரூம் விலையும் இறங்கும். இறங்கினால் அங்கேயே எடுப்பதில் தப்பில்லை.

நல்ல நேரம் தரும் அவசரம்

நம்மூரில் டெலிவரி என்றாலே நாள், நட்சத்திரம், ராகு காலம் எல்லாம் உண்டு. 10.30-க்குள் எலுமிச்சம்பழத்தை நசுக்கி வண்டி வெளியே போக வேண்டும் என்று குடும்பமே காத்திருக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் பத்துப் பதினைந்து கையெழுத்துகள் வாங்கப்படும். நாமும் படித்துப் பார்க்காமல் போடுவோம். கணக்கு பேசுவதையும் வண்டியைச் சோதிப்பதையும் டெலிவரிக்கு இரண்டு நாள் முன்பே முடித்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. முழுப் பணத்தையும் கட்டுவதற்கு முன் 17 இலக்க சேஸிஸ் எண்ணை வாங்கி, அந்த வண்டியை நேரில் பாருங்க. படிவம் 21 எனப்படும் விற்பனைச் சான்றிதழில் வண்டி தயாரான மாதமும் ஆண்டும் இருக்கும். போன ஆண்டு வண்டி என்றால் அதற்கான தள்ளுபடி கேட்க வேண்டிய நேரம் பதிவுக்கு முன்புதான், பின்பு அல்ல. தற்காலிகப் பதிவாவது ஆகாமல் வண்டியை வெளியே கொடுக்கக் கூடாது என்பதும் விதி.

ஆடி மாதத்தில் வண்டி எடுக்கப் பலர் தயங்குவார்கள். சென்டிமென்ட் இல்லாதவர்களுக்கு பேரம் பேச அதைவிட நல்ல மாதம் கிடைக்காது.

சரி, எக்ஸ்டெண்டட் வாரண்டி?

இதைத்தான் கடைசி நிமிடத்தில், லேசாக உள்ளே நுழைப்பார்கள். "இப்பவே போட்டாதான் இந்த ரேட், அப்புறம் கிடைக்காது சார்." இதில் பாதி உண்மை இருக்கிறது. பெரும்பாலான நிறுவனங்களில், நாள் ஆக ஆக எக்ஸ்டெண்டட் வாரண்டியின் விலை ஏறும். ஆனால் 'அப்புறம் கிடைக்காது' என்பது பெரும்பாலும் சரியல்ல. வழக்கமான வாரண்டி முடியும் வரை வாங்க அனுமதிக்கும் நிறுவனங்கள்தான் அதிகம். கடைசித் தேதி எது என்பது உங்கள் நிறுவனத்தின் இணையதளத்திலோ வாரண்டி புத்தகத்திலோ இருக்கும்.

இப்போது கணக்கைப் பாருங்க. மாருதி சுசுகி 2024 ஜூலை முதல் 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கி.மீ. வாரண்டியை வண்டியோடு தருகிறது. முன்பு அது 2 ஆண்டு அல்லது 40,000 கி.மீ. ஆக இருந்தது. அதாவது நீங்கள் முதல் நாளே வாங்கும் எக்ஸ்டெண்டட் வாரண்டி, நாலாவது ஆண்டில்தான் வேலையே செய்ய ஆரம்பிக்கும். அந்த வாரண்டி 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதையும் கார் லோனில் சேர்த்து, 9 சதவீத வட்டியில் 7 ஆண்டு கட்டினால், மொத்தம் சுமார் 27,000 ரூபாய் ஆகிவிடும். இரண்டரை ஆண்டு கழித்து அதே வாரண்டி 25,000 ரூபாய்க்கு ஏறியிருந்தாலும் கூட, அப்போது ரொக்கமாக வாங்கியவருக்கு நஷ்டமில்லை. அதோடு அதற்குள் வண்டி எப்படிப்பட்டது, எவ்வளவு ஓடுகிறது, வைத்திருக்கப் போகிறோமா விற்கப் போகிறோமா என்பதெல்லாம் தெரிந்திருக்கும். கையில் பணம் இருந்து, லோனில் சேர்க்காமல் கட்டப் போகிறவருக்கு மட்டும்தான் முதல் நாள் விலை உண்மையான சலுகை. காத்திருப்பதில் ஒரே ஆபத்து, தேதியை மறந்துவிடுவது. போனில் ரிமைண்டர் போட்டுவிட்டால் போச்சு.

யாருக்குத் தேவை என்பதற்கு ஒரே பதில் கிடையாது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், டர்போ இன்ஜின், நிறைய சென்சார், பெரிய டச் ஸ்கிரீன் உள்ள காரை 6, 7 ஆண்டுகள் வைத்திருக்கப் போகிறவர் தயங்காமல் எடுக்கலாம். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஒன்று போனால் மாற்றும் செலவு லட்சத்தைத் தாண்டக்கூடும், வாரண்டிக் கட்டணம் அதன் முன் ஒன்றுமே இல்லை. சாதாரண மேனுவல் பெட்ரோல் காரை வார இறுதியில் மட்டும் எடுத்து, நாலு ஆண்டில் விற்கிற பழக்கம் உள்ளவருக்கு அந்தப் பணம் பெரும்பாலும் வீண். கி.மீ. கணக்கையும் மறக்கக் கூடாது. விற்பனைப் பிரதிநிதி மாதிரி ஆண்டுக்கு 40,000 கி.மீ. ஓடுகிறவருக்கு, 1 லட்சம் கி.மீ. வாரண்டி இரண்டரை ஆண்டிலேயே முடிந்துவிடும். 'எது முன்னால் வருகிறதோ அது' என்ற சின்ன எழுத்து அவருக்குத்தான் எழுதப்பட்டது.

எலெக்ட்ரிக் கார் என்றால் பேட்டரிக்குத் தனி வாரண்டி உண்டு. 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கி.மீ. என்பது பரவலாக உள்ள கணக்கு. எனவே எக்ஸ்டெண்டட் வாரண்டி விற்பவர் "பேட்டரி போனா என்ன பண்ணுவீங்க" என்று பயமுறுத்தினால், பேட்டரி ஏற்கெனவே கவர் ஆகியிருக்கிறதா என்று திருப்பிக் கேளுங்க.

இன்னொரு முக்கியமான கேள்வி: சான்றிதழில் யார் பெயர் இருக்கிறது? கார் நிறுவனமே தரும் வாரண்டி என்றால் நாட்டில் அந்த நிறுவனத்தின் எந்த சர்வீஸ் சென்டரிலும் செல்லும். டீலரோ வேறு ஒரு தனியார் நிறுவனமோ தருவது என்றால், அந்த டீலர் கடையை மூடினால் என்ன ஆகும் என்று யோசிக்கணும். இரண்டுக்கும் ஒரே பெயர்தான் சொல்வார்கள்.

வாரண்டி இருந்தும் "முடியாது" என்பது ஏன்?

பிரேக் பேட், கிளட்ச் பிளேட், வைப்பர், பல்பு போன்ற தேயும் பொருட்கள் எந்த வாரண்டியிலும் பொதுவாக வராது. டயருக்கும் சாதாரண பேட்டரிக்கும் அந்தந்தத் தயாரிப்பு நிறுவனம்தான் பொறுப்பு. சர்வீஸை உரிய நேரத்தில், அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் செய்யாமல் விட்டாலும் கிளைம் நிராகரிக்கப்படும். வெளியில் வயரை வெட்டி ஹாரன், லைட், ரிவர்ஸ் கேமரா மாட்டினால், மின்சார பாகங்கள் தொடர்பான கிளைமுக்கு அதையே காரணம் காட்டுவார்கள்.

எல்லாவற்றையும் விட, வாரண்டியும் இன்சூரன்ஸும் வேறு வேறு என்பது பலருக்குக் குழப்பம். தயாரிப்புக் குறைபாட்டுக்கு வாரண்டி. விபத்து, வெள்ளம், திருட்டுக்கு இன்சூரன்ஸ். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் தண்ணீரில் மூழ்கிய கார்களுக்கு எந்த எக்ஸ்டெண்டட் வாரண்டியும் கைகொடுக்காது. தண்ணீருக்குள் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால், சாதாரண முழுக் காப்பீட்டிலும் அது பெரும்பாலும் கிடைக்காது. அதற்கு 'இன்ஜின் புரொடக்‌ஷன்' என்ற கூடுதல் பாதுகாப்பைப் பாலிசியில் சேர்த்திருக்க வேண்டும். வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் வீடு உள்ளவர் 'வாரண்டி எடுத்துட்டோம்ல' என்று இதை விட்டுவிட்டால், மழைக்காலத்தில்தான் வித்தியாசம் தெரியும்.

டீலர் கேட்கவே மாட்டேன் என்றால்?

முதலில் கார் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சல் அனுப்புங்க, போனில் மட்டும் பேசிவிட்டு விடாதீங்க. அடுத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். "இன்சூரன்ஸ் எங்ககிட்ட எடுத்தாதான் வண்டி", "கிட் வாங்கினாதான் டெலிவரி" என்பது போல ஒன்றை வாங்க இன்னொன்றை நிபந்தனையாக்குவது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்லும் கட்டுப்பாட்டு வணிக நடைமுறையில் வரும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், ஷோரூம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். கட்டணம் நீங்கள் செலுத்திய தொகையைப் பொறுத்தது: 5 லட்சம் வரை இல்லை, 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய், 10 முதல் 20 லட்சம் வரை 400 ரூபாய். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். கொட்டேஷன், புக்கிங் ரசீது, வாட்ஸ்அப்பில் விற்பனையாளர் சொன்ன வாக்குறுதிகள் எல்லாவற்றையும் அதுவரை அழிக்காமல் வைத்திருங்க.